அணைக்க முடியாத நெருப்பு

பேராற்றல் ஒன்று மனிதனின் கட்டுப்பாட்டை மீறி உலகை அழிப்பதாகப் புனையும் கதைகளைப் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அத்தகைய கதையொன்று வரலாற்றோடு கலந்ததுண்டு.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பிரெடெரிக் சாடியின் கதிரியக்க நூலைக் கற்று, 1914-இல் 'விடுதலை பெற்ற உலகம்' எனப் பொருள்படும் நாவலை வெளியிட்டார். அதில் வரும் குண்டுகளுக்கு அவர் இட்ட பெயர் 'அணுகுண்டு'. வெடித்தபின் அவை நாள்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும். வீசியவனாலும் அணைக்க இயலாது.

1932-இல் அந்நாவலைப் படித்தவர், அங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் லியோ சிலார்ட். மறு ஆண்டே, தொடர்வினையால் அணுவின் ஆற்றலை வெளிக்கொணரலாம் என்னும் எண்ணம் இலண்டனில் அவருக்கு உதித்தது. கதை காட்டிய அழிவை அவர் மறக்கவில்லை. தம் காப்புரிமையை 1936-இல் பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்து, அது வெளியே தெரியாதவாறு காத்தார். எனினும் 1939-இல், ஹிட்லரின் ஜெர்மனி முந்திக்கொள்ளுமோ என்ற அச்சத்தால், ஐன்ஸ்டைன் கையொப்பத்துடன் அமெரிக்க அதிபருக்குச் சென்ற கடிதத்தை உருவாக்கியவரும் அவரே.

ஜெர்மனி வீழ்ந்தது, அச்சத்தின் காரணமும் மறைந்தது. 1945 ஜூலையில், சரணடையும் வாய்ப்பை ஜப்பானுக்கு அளிக்காமல் குண்டு வீசலாகாது என அறிவியலாளர் 70 பேர் கையொப்பமிட்ட மனுவைச் சிலார்ட் அனுப்பினார். அது அதிபரின் கைக்குச் சேரவில்லை. ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவும், 9-இல் நாகசாகியும் எரிந்தன.

கதையின் எச்சரிக்கையை உணர்ந்தவரே கதவைத் திறந்தார். தீய நோக்கத்தாலன்று, அச்சத்தால். திறந்தபின் அடைக்க அவருக்கு உரிமையில்லை. மனச்சான்று ஆற்றலுக்கு முன்னே நடக்கவேண்டும். பின்னே ஓடிவந்து பயனில்லை.