மண் தின்னல்

மண் தின்னல்: உணவல்லாத பொருளை விரும்பி, விடாமல் உண்ணும் நடத்தை. பெயரில் மண் முன்னே நின்றாலும் சாம்பல், அடுப்புக்கரி, சாக்கட்டி, சிலேட்டுக்குச்சி, சுவர்க்காரை, செங்கல் தூள், தலைமயிர், பஞ்சு, காகிதம் எல்லாம் இதில் அடங்கும். பச்சரிசியை அள்ளி மெல்வதும், பனிக்கட்டியை ஓயாமல் கடித்துத் தின்பதும் இதன் வகைகளே. குழந்தைகள், கருவுற்ற பெண்கள், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் ஆகிய மூவகையினரிடம் மிகுதியாகக் காணப்படும். மருத்துவர் இதைப் பைக்கா என்பர். கண்டதையெல்லாம் கொத்தும் காக்கை இனப் பறவை ஒன்றுக்கு இலத்தீனில் வழங்கும் பெயர் அது.

தமிழில் இதன் வரலாறு பழையது. கருவுற்றவளின் வேட்கைக்கு வயா, வயவு என்ற சொற்கள் இருந்தன. இன்றைய வழக்கு மசக்கை. தொல்காப்பிய உரியியல் வயா என்பதற்கு வேட்கை மிகுதி என்று பொருள் சொல்கிறது. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டுக் காவலைப் புகழ இந்த வழக்கத்தையே எடுத்தாள்கிறார்: அவன் மண்ணை மசக்கைப் பெண்கள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு, பகைவர் உண்ண முடியாது. ஒரு மன்னனின் வலிமையைச் சொல்லும் இடத்தில் விளக்கம் ஏதுமின்றி இதைச் சொல்ல முடிந்தது என்றால், கேட்டவர் அனைவருக்கும் அது வீட்டில் கண்ட காட்சியாக இருந்திருக்க வேண்டும். காளிதாசரின் இரகுவம்சத்திலும் கருவுற்ற அரசி சுதட்சிணையின் வாயில் மண்வாசனையை முகர்ந்து அவள் கணவன் திலீபன் மகிழ்கிறான். மண் தின்ற கண்ணனின் வாயைத் திறக்கச் சொன்ன யசோதையின் கதை எல்லாரும் அறிந்ததே. இலக்கியம் இப்படிக் கனிவாகப் பார்த்ததை மருத்துவ நூல் நோயின் பக்கத்தில் வைத்தது. சரக சம்கிதை உடல் வெளுக்கும் பாண்டு நோயை ஐந்தாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றை மண் உண்பதால் வருவது என்று தனியே பிரித்தது. உடல் வெளுப்புக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பு அப்போதே கண்ணில் பட்டுவிட்டது.

மற்றொரு வரலாறு கொடியது. மேற்கிந்தியத் தீவுகளிலும் பிரேசிலிலும் தோட்ட முதலாளிகள், மண் தின்ற ஆப்பிரிக்க அடிமைகளின் வாய்க்கு உலோக முகமூடி பூட்டினர். பட்டினியும் கொக்கிப்புழுவும் வாட்டிய உடல்களுக்கு அவர்கள் கண்ட மருந்து பூட்டு. நம் வீடுகளில் பிள்ளையின் கையில் அடிப்பதும் உதட்டில் மிளகாய் தடவுவதும் அளவில் சிறியவை. ஆனால் அதே அறியாமையில் பிறந்தவை.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் பைக்காவைக் குழந்தைப் பருவக் கோளாறுகளோடு வைத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அதை உணவு உண்ணல் கோளாறுகளின் கீழ் மாற்றி, எந்த வயதினருக்கும் பொருந்துமாறு செய்தது. ஒரு மாதமாவது நீடித்தால்தான் கணக்கு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை எதையும் வாயில் வைக்கும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை. ஒரு சமூகத்தின் ஏற்கப்பட்ட வழக்கமாக உண்பதையும் சேர்ப்பதில்லை.

இரும்புச்சத்துக் குறைவோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. தென்னாப்பிரிக்காவில் மருத்துவர் பிலிப் லான்ஸ்கோவ்ஸ்கி 1959இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு ஊசி போட்டதும் குழந்தைகள் மண் தின்பதை விட்டனர். 1962இல் அமெரிக்காவில் நடந்த சோதனை ஒன்று இதற்கு ஒத்துவரவில்லை என்றாலும், பனிக்கட்டி தின்பவர்கள் இரும்புச்சத்து ஏறியதும் சில நாள்களிலேயே அதை மறப்பதை மருத்துவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். மாறாக, மண் இரும்பைக் குடலில் பிடித்துக்கொள்வதால்தான் சோகை வருகிறது என்பாரும் உளர்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் கதை வேறு. அங்கே மெல்லும்போது கிடைக்கும் உணர்வே பரிசு. சிலருக்கு மற்றவர் ஓடிவந்து பார்ப்பதே பரிசு. எனவே பிள்ளை எப்போது, எங்கே, யார் இருக்கையில் வாயில் போடுகிறது என்று சில நாள் குறித்துவைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். மொறுமொறுப்பான தின்பண்டத்தையோ மெல்லுவதற்கென்றே உள்ள பொருளையோ மாற்றாகக் கொடுத்து, அதை எடுக்கும்போது பாராட்டுவதே பயன்படும் வழி. ஆனால் எல்லாவற்றுக்கும் முன் இரத்தத்தில் இரும்பும் ஈயமும் பார்க்க வேண்டும். பழைய சுவர்ப்பூச்சைச் சுரண்டித் தின்னும் பிள்ளைக்கு ஈயம் மூளையைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1904இலேயே மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் இதைச் சுட்டிக்காட்டினார். மயிர் தின்றால் வயிற்றில் உருண்டையாகத் திரண்டு குடலை அடைக்கும். பொத்தான் பேட்டரியோ காந்தமோ விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். உளநோயாளிகளிடம் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரியிலுள்ள குளோர் அருங்காட்சியகம் சான்று: 1929இல் ஒரு பெண் நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்த 1,446 ஆணி, ஊசி முதலியவை அங்கே காட்சிக்கு உள்ளன.

இரும்புக் குறைவும் ஈயமும் இந்தியாவிலும் கவலைக்குரியவை. இங்கே 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்குச் சோகை உள்ளது. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து இலட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.