குழாய் கட்டிய ஊர்கள்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக் கிராமங்களில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று ஒரு வீட்டில் விசேஷம் வந்தால், முந்தின நாள் சாயங்காலமே ரேடியோ செட் வந்து இறங்கிவிடும். புளியமரத்திலோ தென்னையிலோ ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டைப் போட்டுவிட்டால் போதும், பக்கத்து ஊருக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிடும். இந்த ரேடியோ செட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று பழைய பாட்டுகளை நினைத்து உருகுகிறார்கள், இல்லையென்றால் இரைச்சல் என்று சலித்துக்கொள்கிறார்கள். இரண்டு பேச்சிலும் அதன் வரலாறு விடுபட்டுப்போகிறது. எளிய குடும்பங்கள் ஊர்ப் பெரியவர்களின் தயவை எதிர்பாராமல், கைக்காசு கொடுத்துத் தங்கள் வீட்டு நல்லநாளை ஊரறியச் சொல்வதற்குக் கிடைத்த கருவி அது என்பதே என் வாதம்.

குழாய் வருவதற்கு முன்னும் கிராமம் ஊமையாக இருக்கவில்லை. கோயிலிலும் வசதியுள்ளவர் கல்யாணத்திலும் நாயனமும் தவிலும் இருந்தன. சாவுக்கும் திருவிழாவுக்கும் பறை இருந்தது. செஞ்சிக்கு அருகே மேலச்சேரி திரௌபதியம்மன் கோயிலை மூலக்கோயிலாகக் கொள்ளும் மரபு இந்தப் பக்கத்தில் உண்டு. அந்த அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் விடியவிடியக் கூத்தும் நடக்கும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே கூத்துக்காரர் உச்சக்குரலில் பாடினார், முகவீணையும் அதே உச்சத்தில் ஒலித்தது. ஆனால் யாருக்காக எந்தத் தெருவில் எந்த வாத்தியம் ஒலிக்கலாம் என்பதை ஊர்க்கட்டுப்பாடு முடிவுசெய்தது. சேரியில் நடக்கும் கல்யாணத்தின் ஓசை ஊர்த்தெருவுக்குள் நுழைவது எளிதாக இருக்கவில்லை. ஊர்வலத்தை மறித்துவிடலாம். மரத்து உச்சியிலிருந்து புறப்படும் சத்தத்தைத் தெருமுனையில் மறிக்க முடியாது. காமராஜர் ஆட்சிக்காலத்தில் மின்சாரம் கிராமங்களுக்குப் பரவியதும் செட்டின் வழி சுலபமாயிற்று. மின்சாரம் எட்டாத ஊரில் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிபயர் கைகொடுத்தது.

இதே காலத்தில், உலகின் மறுகோடியில் ஏறக்குறைய இதே காரியம் நடந்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தில் பாண்டு வாத்தியக் குழுவை அமர்த்தக் காசில்லாத, பணக்காரர் கிளப்புக்குள் நுழைய முடியாத மக்களுக்காக 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெருவிலும் திறந்த முற்றத்திலும் இசைத்தட்டு நடனங்கள் தொடங்கின. இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டாம் வாங், மதுக்கடை நடத்திய டியூக் ரீட் போன்றவர்கள் பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி நடத்திய அந்த ஏற்பாட்டுக்குச் சவுண்ட் சிஸ்டம் என்று பெயர். 1970களில் ரூட்ஸ் ரெகே என்ற இசை, ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களின் நம்பிக்கையையும் கோபத்தையும் பாடியபோது, அது ரேடியோ நிலையத்துக்கு முன்பே இந்த ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் மக்களிடம் போனது. அந்த ஒலியை உருமாற்றிய கிங் டப்பி அடிப்படையில் ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலாளி. நம் ஊர்களிலும் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து செட் வாடகைக்கு விடும் தொழிலுக்கு வந்தவர்கள் உண்டு. ஜமைக்காவின் இசை வரலாற்றில் கிங் டப்பிக்குப் பெரிய இடம் கிடைத்தது. நம் செட்காரர்களுக்கு ஒரு வரி கூடக் கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் வேறுபாடும் பெரிது. கிங்ஸ்டனில் அடித்தொனி அதிர்ந்தது, ஆள் ஆடினான். நம் குழாயில் அடித்தொனி ஏறக்குறைய கிடையாது. அடித்தொனியை எழுப்பக் குழாயின் நீளமும் வாயகலமும் போதாததால் மனிதக் குரல்தான் கூர்மையாக நெடுந்தூரம் போகும். ஆகவே இங்கே செட் முதலில் வசன மேடையாயிற்று. பராசக்தி (1952), வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) படங்களின் வசனங்கள் வயல்வெளி எங்கும் கேட்டன. பேசியவர் சிவாஜி என்று பெயர்பெற்ற வி.சி. கணேசன், அதாவது விழுப்புரம் சின்னையா கணேசன். 1984இல் வந்த விதி படத்தின் கோர்ட் வசனக் கேசட் ஒலிக்காத டீக்கடையோ கல்யாண வீடோ இல்லை என்கிற அளவுக்கு ஓடியது. ஏமாற்றப்பட்ட பெண் நீதிமன்றத்தில் நியாயம் கேட்கும் அந்தப் பேச்சு சினிமாக் கொட்டகைக்குப் போகாதவர் காதுக்கும் எட்டியது. அதே செட்டின் மைக்கில்தான் மொய் அறிவிப்பதும் நடந்தது. இன்ன ஊர் இன்னார், தாய்மாமன் சீர் இவ்வளவு என்று ஒவ்வொரு பெயராக அறிவிப்பார்கள். கூலிக்குப் போகிறவரின் பெயரும் அவர் வைத்த பத்து ரூபாயும் நாலு ஊருக்குக் கேட்கும். அந்தக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

செட் வந்து பறையையும் நாயனத்தையும் கூத்தையும் அழித்துவிட்டது என்று ஒரு மறுப்பு உண்டு. கூத்தைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஆடுகளத்துக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டுக் கூத்து தழைத்தது, அன்பளிப்புத் தந்தவர் பெயரைக் கட்டியங்காரன் அந்த மைக்கிலேயே சொன்னான். நாயனக்காரர் பிழைப்பு குறைந்தது உண்மை, அது வருத்தத்துக்குரியது. பறையின் கதை வேறு. அதைச் சாதிக் கடமையாகச் சுமத்தியதை எதிர்த்து அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் எல். இளையபெருமாள் போன்றவர்கள் இயக்கம் நடத்தினார்கள். அடிக்க மாட்டோம் என்று சொன்னவர்களுக்கு, வாடகைக்கு எடுத்த செட் ஒரு மாற்றாக இருந்தது. இன்று பறை மேடைக்குக் கம்பீரமாகத் திரும்பியிருக்கிறது என்றால், விரும்பியவர் அதை எடுத்து அடிப்பதால்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. குழாய் எளியவருக்கு மட்டும் வாடகைக்குப் போகவில்லை, ஆதிக்கச் சாதியும் அதையே கட்டியது, சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டுச் சண்டை மூட்டியது என்பார்கள். நடந்ததுதான். ஆனால் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து எடுக்கலாம் என்ற நிலையே இந்த ஊர்களில் புதிதாக இருந்தது. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) இருந்த 1947இல் சென்னை மாகாணம் கோயில் நுழைவுச் சட்டத்தை இயற்றியது. எழுபத்தாறு ஆண்டு கழித்து, 2023 ஜூனில், விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தலித்துகள் உள்ளே வரக் கூடாது என்ற தகராறில் திரௌபதியம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். வாசற்படி அத்தனை மெல்லத் திறக்கும் மாவட்டத்தில் காற்றில் சமபங்கு கிடைத்ததை அற்பம் என்று தள்ள முடியாது.

இரைச்சல் பற்றிய முறையீட்டை நான் ஒதுக்கவில்லை. திருவிழாக் காலமும் பொதுத்தேர்வுக் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன. நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் தூக்கம் வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதிகளும் அவற்றை ஒட்டிய 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் நியாயமானவை. கூம்பு வடிவக் குழாய்க்குக் காவல்துறை விதிக்கும் தடையையும் நான் எதிர்க்கவில்லை. ஆனால் குழாய் போன இடத்துக்கு வந்த பாக்ஸ் ஸ்பீக்கர், கிங்ஸ்டன் பாணியில் நெஞ்சை உலுக்கும் அடித்தொனியோடு வந்தது. கேட்கும் கூட்டம் ஆடும் கூட்டமாயிற்று. ரிக்கார்டு டான்ஸையும் அதன் வாரிசான ஆடல் பாடல் நிகழ்ச்சியையும் காவல்துறை ஆபாசம் என்ற ஒரே கண்ணால் பார்த்தது. பல ஊர்கள் அனுமதி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதாயிற்று. பகலெல்லாம் கரும்பு வெட்டி, நடவு நட்டுத் திரும்புகிறவர்களுக்கு இரவுதான் ஓய்வு. ஆண்டுக்கு 15 நாள் நள்ளிரவு வரை தளர்த்தலாம் என்கிறது விதி. விடியும்வரை நடக்கும் கூத்துக்கு அதுவும் போதாது. பாக்ஸைத் தாழ வைத்து, களத்தை நோக்கித் திருப்பி, அளவாக வைத்துக்கொண்டால் அனுமதி தருவதில் என்ன கேடு? ஒலியின் அளவைக் கட்டுப்படுத்துங்கள், யார் கொண்டாடலாம் என்பதைக் கட்டுப்படுத்தாதீர்கள்.

கைச்சாவி கொடுத்துச் சுற்றிய இசைத்தட்டுப் பெட்டியையும் பேட்டரி ஆம்ப்ளிபயரையும் கையாண்ட தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களுடைய தட்டுகள் பரணில் வளைந்துகொண்டும் கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக்கொண்டும் இருக்கின்றன. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் தங்கள் மாணவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். வாடகைக் கணக்கு நோட்டு, மொய் நோட்டு, எந்தத் தெருவுக்கு எந்த ஆண்டு முதன்முதலாகச் செட் போனது என்ற நினைவு, எல்லாவற்றையும் இப்போதே பதிவுசெய்யச் சொல்ல வேண்டும்.