எழுத்தும் பொருளும்: வாசிப்பு ஆராய்ச்சியின் வரலாறு தரும் பாடம்

நம் முன்னோர்க்குத் திண்ணைப் பள்ளியின் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. 1894-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கியதும், அத்தகைய பள்ளிகளுக்கு அயோத்திதாசப் பண்டிதர் துணைநின்றதும் நாம் அறிந்த வரலாறு. வாயில் திறந்தது. ஆயினும், வகுப்பில் அமர்ந்தும் வாசிக்க இயலாத பிள்ளையை நோக்கி, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்னும் பழிச்சொல் எழுந்தது. குறை பிறப்பிலா, கற்பிக்கும் முறையிலா? வாசிப்பைப் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வு நடத்திய அமெரிக்க அறிஞர் கேட்டல், படித்தவர்கள் ஒரு சிறு சொல்லை ஓர் எழுத்தைப் போன்றே விரைவில் கண்டுகொள்கின்றனர் என்பதை 1886-இல் வெளியிட்டார். வாசிக்கத் தெரிந்தவரைப் பற்றிய அம்முடிவைத் தொடக்க நிலைக் குழந்தைக்கும் உரியதெனப் பலர் கொண்டனர். 1930-களில் அமெரிக்கப் பள்ளிகளில், சொல்லை முழுமையாகப் பார்த்து மனத்தில் பதிக்கும் முறையே மேலோங்கியது. 1955-இல் ருடால்ஃப் ஃபிளெஷ் அதனைக் கடிந்து நூல் எழுதினார்; பெரும் சொற்போர் மூண்டது.

அப்போரின் உண்மையைத் தேடியவர் ஜீன் சால் அம்மையார். அவர் முந்தைய ஆய்வுகளைத் திரட்டினார். வகுப்பறைகளையும் நேரில் கண்டார். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முதலிலேயே முறையாகக் கற்ற குழந்தைகள் முந்துகின்றனர் என்றும், ஏழைப் பிள்ளைகளுக்கு அது மிகவும் இன்றியமையாதது என்றும் 1967-இல் அறிவித்தார். 1990-இல் துணை ஆய்வாளர்களுடன் மற்றோர் உண்மையையும் வெளியிட்டார். ஏழைக் குழந்தைகள் 2, 3-ஆம் வகுப்புகளில் பிறரோடு ஒத்தே வாசித்தனர். 4-ஆம் வகுப்பு முதல் பின்தங்கினர். முதலில் தளர்ந்தது, அருஞ்சொற்களின் பொருளறிவே.

நம் மொழிக்கு வருவோம். தமிழில் 247 எழுத்துக்கள். தமிழைப் போலவே உயிர்மெய்க் குறிகளையுடைய கன்னடத்தில் குழந்தைகள் கற்பதை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்தறிதல் 4-ஆம் வகுப்பு வரையிலும் தொடர்கிறது என 2007-இல் காட்டினார். ஆகவே, 2-ஆம் வகுப்பில் 'கொ' என்பதைக் கண்டு தயங்கும் பிள்ளை மந்தனல்லன். பாதி வழியில் நிற்பவனே. அவனை அங்கேயே விட்டுச் செல்வதுதான் அநீதி.

ஆதலின், மாலைநேரப் படிப்பகங்களில் கற்பிக்கும் நம் இளைஞர்கள் இரண்டு கடமைகளை ஏற்றல் வேண்டும். ஒன்று, எழுத்தை ஒலியோடு சேர்த்து, சிறிது சிறிதாக, உடனே சொல்லாக்கிக் கற்பித்தல். ட, ப, ம என்னும் மூன்று எழுத்துக்களோடு புள்ளியையும் அறிந்த குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் எனத் தானே வாசித்து மகிழும். மற்றொன்று, நாள்தோறும் கதையும் நாட்டுச் செய்தியும் உரக்கப் படித்துக் காட்டிப் புதுச் சொற்களுக்குப் பொருள் விளக்குதல். பாட்டன் பாட்டிக்குப் பள்ளி மறுக்கப்பட்ட வீட்டில் நூற்சொற்கள் குறைவாக இருப்பது குழந்தையின் குற்றமன்று. அந்தக் குறையை நிரப்புவது நம் பொறுப்பு.

பள்ளியில் இடம் பெறுவது முதல் உரிமை. வாசிக்கக் கற்பிக்கப்படுவது அதனினும் பெரிய உரிமை. முன்னோர் முன்னதைப் போராடிப் பெற்றுத் தந்தனர். பின்னதை ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றுத் தருவோமாக.