காற்புள்ளியும் 'ஹவெவர்' என்னும் சொல்லும்

பள்ளி நாட்களில் எமக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், "உரக்கப் படித்துப் பார், மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே காற்புள்ளி இடு" என்பார். அடுத்த ஆண்டு வந்தவரோ, அவ்வாறு இட்ட புள்ளிகளை எல்லாம் சிவப்பு மையால் அடித்துத் தள்ளினார். 'ஹவெவர்' என்னும் சொல்லுக்கு முன்னே வெறுங்காற்புள்ளி இட்டு இரண்டு முழு வாக்கியங்களை ஒட்டவைப்பது பெரும்பிழை என்பது அவர் கட்சி. இருவருள் எவர் சொன்னது சரி என்பது அந்நாளில் எமக்கு விளங்கவில்லை. இருவரும் வெவ்வேறு நூற்றாண்டுகளின் விதியைச் சொன்னார்கள் என்பது, ஆங்கிலக் குறியீடுகளின் வரலாற்றைப் படித்தபோதுதான் புலனாயிற்று.

கி.மு. 200ஆம் ஆண்டை ஒட்டி அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர் பைசாந்தியத்து அரிஸ்டோபனீஸ். சொற்களுக்கு இடையே வெளியும் விடாது எழுதப்பட்ட கிரேக்கச் சுவடிகளை உரக்கப் படிப்போருக்கு உதவியாக, மேல், இடை, கீழ் என மூன்று நிலைகளில் புள்ளியிடும் முறையை இவர் வகுத்தார். 'கொம்மா' என்பது அன்று குறியின் பெயரன்று. வெட்டிய துண்டு என்னும் பொருளில், பேச்சின் சிறு பகுதிக்கு வழங்கிய பெயர் அது. துண்டின் பெயர் பின்னர்க் குறிக்கு ஏறிற்று. நம் இலக்கணத்தார் ஆகுபெயர் என்பார்களே, அதுதான்.

1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய காக்ஸ்டன், நிறுத்தத்துக்குச் சாய்கோட்டைப் பயன்படுத்தினார். வெனிசு நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூசியஸ் 1496இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் அரைப்புள்ளி தோன்றியது. அவருடைய அச்சுக்களில் காற்புள்ளியும் இன்றைய வளைந்த வடிவைப் பெற்றது. பதினாறாம் நூற்றாண்டில் அவ்வடிவம் இங்கிலாந்துக்கும் வந்து சாய்கோட்டை விரட்டியது.

வடிவம் வந்ததே தவிர, பணி மாறவில்லை. 1589இல் வெளிவந்த செய்யுட்கலை நூலொன்றில் ஜார்ஜ் பட்டன்ஹாம் இதற்கு ஓர் அழகிய உவமை சொல்கிறார். வழிப்போக்கன் ஒருவன் குதிரையை விட்டு இறங்காமலே ஒரு கிண்ணம் மது வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறான்; அது காற்புள்ளி. நண்பகலில் சத்திரத்தில் தானும் உண்டு குதிரைக்கும் தீனி வைக்கிறான். அது அடுத்த குறி. இரவில் தங்கி விடியும்வரை உறங்குகிறான், அது முற்றுப்புள்ளி. மூச்சின் கணக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிடவில்லை என்பது எம் எண்ணம்.

1762இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணம் இந்தக் கணக்கை இசைக்கே கொண்டு போய்விட்டது. காற்புள்ளியின் இருமடங்கு அரைப்புள்ளி, அதன் இருமடங்கு முக்காற்புள்ளி, அதன் இருமடங்கு முற்றுப்புள்ளி என்றார் அவர். அந்த நிறுத்தங்களின் அளவைத் துல்லியமாக வரையறுக்க இயலாது என்றும் அவரே ஒப்புக்கொண்டார். லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கணம் அதே விகிதத்தைப் பள்ளிகளெங்கும் பரப்பியது. அவர்கள் கணக்கில் 1, 2, 4, 8. நம்முடைய பெயர்களோ கால், அரை, முக்கால், முழுமை என ஒரே சீராக ஏறுகின்றன. வீதம் வேறு, ஆயினும் பெயரிலேயே நேர அளவு பொதிந்திருப்பதால், மூச்சுக் கொள்கை தமிழ் வகுப்பறையில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

உரக்கப் படிக்கும் வழக்கம் குறைந்து கண்ணாற் படிக்கும் வழக்கம் பெருகப் பெருக, புள்ளி மூச்சை விட்டு வாக்கிய அமைப்பைப் பற்றிக்கொண்டது. டானியல் டீபோ 1719இல் 'ராபின்சன் குரூசோ' எழுதியபோது வாக்கியத்தின்மேல் வாக்கியமாகக் காற்புள்ளியாலேயே தொடுத்துச் சென்றார். அவரைப் பிழைசெய்தவர் என யாரும் சொல்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டினரோ 'தேர்ஃபோர்', 'இண்டீட்' போன்ற சொற்களுக்கு இருபுறமும் புள்ளி வைத்து நெருக்கினர். 1906இல் பௌலர் சகோதரர் இந்தப் புள்ளிப் பெருக்கத்துக்கு எதிராக எழுதிய பின்னரே குறைத்து இடும் போக்கு வலுத்தது.

இனி அந்தச் சிவப்பு மைக்கு வருவோம். 'பட்' என்பது இடைச்சொல். இரு வாக்கியங்களைப் பிணைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 'ஹவெவர்', 'தேர்ஃபோர்', 'மோர்ஓவர்' ஆகியன வினையைத் தழுவும் சொற்கள். தலையிலும் நிற்கும், இடையிலும் நிற்கும், கடைசியிலும் நிற்கும். இடம்விட்டு இடம் நகரும் சொல் கயிறாக இருக்க முடியாதன்றோ? ஆகவே முன்னே அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும்.

'ஹவெவர்' என்பதன் பின் வரும் காற்புள்ளிக்குத் தனிக் காரணம் உண்டு. அச்சொல்லின் முதற்பொருள் 'எவ்வாறாயினும்' என்பதே. 'ஆயினும்' என்பது பின்னர் வந்தது. 'ஹவெவர் ஹீ டிராவல்ஸ்' என்றால் அவன் எப்படிப் போனாலும் என்று பொருள். இடையில் காற்புள்ளி வந்தால், ஆயினும் அவன் பயணம் செய்கிறான் என்றாகிவிடும்.

இதைக் கற்ற நம் மாணவர் தமிழிலும் 'ஆனால்', 'எனவே' என்பவற்றின்பின் தவறாது காற்புள்ளி இடுகின்றனர். அது தேவைதானா? "அவர் தலைவர் ஆனால் ஊர் மகிழாது" என்பது ஒன்று, "அவர் தலைவர், ஆனால் ஊர் மகிழாது" என்பது வேறு. முன்னதில் அவர் இன்னும் தலைவராகவில்லை. பொருளைப் பிரித்தது சொல்லுக்கு முன்னே நின்ற காற்புள்ளி. பின்னே ஒன்றும் இல்லாமலே பொருள் தெளிவாக நிற்கிறது. மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது யாம் 'ஆனால்' என்பதன் பின்னுள்ள புள்ளியைத் தொடுவதில்லை. முன்னே குறி விடுபட்டிருந்தால் மட்டுமே மையைத் தொடுகிறோம்.