சுவரில் மாட்டிய வசனம்

இலங்கையின் ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயக் காம்பராவின் சுவரைப் பார்த்தாலே அந்த வீட்டாரின் வழிபாடு பெரும்பாலும் தெரிந்துவிடும். சாமிப்படத்துக்குப் பொட்டு வைத்திருந்தால் இந்து வீடு. இயேசுவின் திருஇருதயப் படம் என்றால் கத்தோலிக்க வீடு. உருவம் எதுவுமின்றி எழுத்து மட்டும் சட்டத்துக்குள் இருந்தால், சபைக்குப் போகிறவர்கள் வீடு. அந்த எழுத்துக்குப் பெயர் வசனம். சங்கீதம் 23:1, ஏசாயா 41:10, எரேமியா 29:11 போன்றவையே அதிகம் காணப்படும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வருடத்துக்கென்று கிடைக்கும் வாக்குத்தத்த வசனமும் அவற்றோடு சேரும்.

வசனம் என்ற வடசொல்லுக்குச் சொல்லப்பட்டது, பேச்சு என்பதே அடிப்படைப் பொருள். தமிழில் அது உரைநடைக்கும் பெயரானது. ஆறுமுக நாவலர் 1852இல் வெளியிட்ட பெரியபுராணத்தின் உரைநடை வடிவத்துக்குப் 'பெரியபுராண வசனம்' என்றே பெயர். அதற்குச் சற்று முன்புதான் அவர் யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உதவியிருந்தார். பின்னாளில் நாடகமும் சினிமாவும் பாத்திரங்களின் பேச்சை வசனம் என்றன. கிறிஸ்தவர்களிடையே, அதிகாரத்துக்குள் எண்ணிட்ட சிறு பகுதிக்கு அது பெயராக நின்றது. அந்த எண்களோ வேதத்தோடு பிறந்தவை அல்ல. இன்று வழங்கும் வசன எண்களைப் புதிய ஏற்பாட்டுக்கு இட்டவர் ரோபேர் எத்தியேன் என்ற பதிப்பாளர், ஆண்டு 1551. ஆனாலும் பழைய பொருள் அழியவில்லை. சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் சங்கீதம் 119:105, கடவுளின் பேச்சையே வசனம் என்கிறது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் வாக்கு என்கிறது. ஆகவே சுவரில் தொங்குவது ஒரு பேச்சு. பேச்சு என்றால் பேசியவர் உண்டு, கேட்டவர் உண்டு, பேசிய வேளையும் உண்டு.

இதுவும் ஒருவகைத் தாயத்துத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வாசலுக்கு மேலே மாட்டினால் கெட்டது அண்டாது என்ற எண்ணம் சில வீடுகளில் இருக்கக்கூடும். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தாயத்துக்குள் சுருட்டி வைத்த தகட்டை யாரும் வாசிப்பதில்லை, வாசிக்க வேண்டிய தேவையும் இல்லை. உபாகமம் 6:9 கட்டளைகளை வீட்டு நிலைகளில் எழுதச் சொல்கிறது. யூதர்கள் அதைத் தோல் சுருளில் எழுதிச் சிறு கூட்டுக்குள் வைத்து நிலையில் பதிக்கிறார்கள். நம் வீட்டு வசனமோ கண்ணுக்கு நேரே, வாசிப்பதற்கென்றே திறந்து கிடக்கிறது. அதன் அடியில் சிறிய எழுத்தில் நூலின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. எந்தத் தாயத்தும் தன் எழுத்து எங்கிருந்து வந்தது, எந்தப் பக்கத்தில் தேடலாம் என்று சொல்வதில்லை. அந்த எண்ணே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஆறுதல் தருவதை மட்டும் பொறுக்கி மாட்டுகிறார்கள், கண்டிப்பவற்றை விட்டுவிடுகிறார்கள் என்பது அது. உண்மைதான், ஆமோஸ் தீர்க்கதரிசியின் கடிந்துரைகளைச் சட்டம் போட்டு விற்பவர் அரிது. ஆனால் அதற்கு மருந்தும் அந்த எண்ணிடமே உண்டு. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11ஐ அதன் அதிகாரத்தில் தேடிப் பாருங்கள். அது எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் பகுதி. முந்தின வசனம் அதற்கு 70 வருடம் ஆகும் என்கிறது. ஐந்தாம் வசனம் கொண்டுபோகப்பட்ட ஊரிலேயே வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது.

இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து தேயிலையும் ரப்பரும் வளர்த்த ஒரு சமூகத்தின் சுவரில் இந்தக் கடிதம் தொங்குகிறது. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்குப் பிரித்துக் கொடுத்தது. நிலைகளில் எழுதச் சொல்லும் உபாகமம் 'உன் வீடு' என்கிறது. லயமோ தோட்டத்துக்குச் சொந்தம், அதில் வாழ்பவருக்குக் காணிப் பத்திரம் இல்லை. நிலையில் செதுக்க முடியாத வீட்டில் ஆணியில் மாட்டுகிறார்கள். பதினோராம் வசனத்தைத் தனியே வாசித்தால் அது பொதுவான ஆறுதல். அதிகாரத்தோடு வாசித்தால், வீடும் நிலமும் கேட்பது விசுவாசத்துக்குப் புறம்பான ஆசை அல்ல என்று அந்தக் கடிதமே சொல்கிறது. சபைகள் அடுத்த வருட வாக்குத்தத்த அட்டையை அச்சிடும்போது பதினோராம் வசனத்தோடு ஐந்தாவதையும் சேர்த்து அச்சிடலாம். அட்டையில் அதற்கு இடமிருக்கிறது.