ஆம்பூர் ரவுண்டு வந்தபோது

ஒரே ஒரு ஓட்டு. 1839-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு யார் கவர்னர் என்பதை முடிவு செய்தது அதுதான். பதிவானதில் பாதிக்கு மேல் வாங்கினால்தான் ஜெயிப்பு என்பது அங்கே சட்டம். மார்கஸ் மார்ட்டன் 1,02,066 ஓட்டில் 51,034 வாங்கினார். ஒன்று குறைந்திருந்தால் போச்சு. 1828-லிருந்து வருஷா வருஷம் நின்று தோற்ற மனுஷர்!

இப்படி மூச்சைப் பிடிக்க வைத்த தேர்தல் நம்ம பாலாற்றங்கரையிலும் நடந்திருக்கிறது. 2019, வேலூர்.

தி.மு.க.வில் துரைமுருகன் மகன் கதிர் ஆனந்த். எதிரே இரட்டை இலையில் புதிய நீதிக் கட்சியின் ஏ.சி.சண்முகம். 1984-ல் அதே வேலூரில் ஜெயித்தவர், 2014-ல் தோற்றவர். ஏப்ரல் 18-ல் ஓட்டுப்பதிவு. ஆனால் ஒரு சிமென்ட் கிடங்கில் 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியது. பழிவாங்கல் என்றது தி.மு.க. இரண்டே நாள் இருக்கும்போது தேர்தலே ரத்து! பணப் புகாரால் ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுதான் முதல் தடவை.

மறுபடி தேதி குறித்தார்கள். ஆகஸ்ட் 5.

அதற்குள் டெல்லியில் காட்சி மாறியிருந்தது. முத்தலாக் மசோதாவை அ.தி.மு.க.வின் ஒரே எம்.பி. மக்களவையில் ஆதரித்தார். மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தது. எதை நம்புவது? தோல் தொழிற்சாலையும் ஷூ கம்பெனியுமாக இருக்கும் ஆம்பூர், வாணியம்பாடியில் முஸ்லிம் ஓட்டு கணிசம். போதாக்குறைக்கு, அவர்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டிருந்த அதே ஆகஸ்ட் 5-ல்தான் காஷ்மீரின் 370-வது பிரிவு அறிவிப்பும் வந்தது.

ஆகஸ்ட் 9, எண்ணிக்கை. ஆரம்பத்தில் சண்முகம் முன்னிலை. பிறகு நிலைமை தலைகீழ். குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் மூன்றும் சண்முகம் பக்கம். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் மூன்றும் கதிர் ஆனந்த் பக்கம். முடிவில் 4,85,340-க்கு 4,77,199. வித்தியாசம் 8,141. யாரும் வேண்டாம் என்று நோட்டாவை அழுத்தியவர்களே 9,417 பேர்!

பத்து லட்சம் பேர் ஓட்டுப் போட்ட இடத்தில் 8,141 என்பது சில தெருக்கள்தான். அதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் ஒன்று நிச்சயம்: தோல் ஊர்கள் கொடுத்த முன்னிலை இல்லையென்றால் சண்முகம் டெல்லிக்குப் போயிருப்பார்.

2024-ல் அதே இருவர் மீண்டும் மோதினார்கள். இந்தத் தடவை சண்முகம் தாமரையில், அ.தி.மு.க. தனியாக. வித்தியாசம் 2,15,702. அவரும் அ.தி.மு.க.வும் வாங்கியதைக் கூட்டிப் பாருங்கள்: 4,70,672. ஏறக்குறைய 2019-ல் அவர் ஒருவரே வாங்கியது! எதிரணி ஓட்டு கரையவில்லை, இரண்டாகப் பிரிந்தது. கதிர் ஆனந்துக்கோ 83 ஆயிரம் கூடியது.

மார்ட்டன் 1842-ல் இன்னொரு முறையும் ஜெயித்தார். சண்முகத்துக்கு வேலூரில் கிடைத்த மிக நெருக்கமான வாய்ப்பு, அந்த எட்டாயிரத்தில் போனதுதான்.