"அந்தப் பிள்ளைக்கும் விருப்பம் இருந்திச்சா, சேர்?"

ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் படிப்பிக்கும்போது தாந்தேயின் பெயர் வராமல் போகாது. போன வாரமும் வழக்கம்போல, "ஒன்பது வயதில் கண்ட ஒரு சிறுமியை ஆயுள் முழுக்கப் பாடிய கவிஞர்" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகப் பார்த்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள்.

"அந்தப் பிள்ளைக்கும் இவர்ல விருப்பம் இருந்திச்சா, சேர்?"

எனக்கு மறுமொழி வரவில்லை. இத்தனை வருடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்ததை இங்கே எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

இத்தாலிய மொழியில் காதற்கவிதை முதலில் தழைத்தது 13ஆம் நூற்றாண்டில், சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடரிக்கின் அரசவையில். முன்பு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முஸ்லிம்கள் ஆண்ட தீவு அது. பிரெடரிக்கும் அரபு அறிவியலில் ஈடுபாடு கொண்டவர். சொனெட் என்ற 14 வரிக் கவிதை வடிவத்தை உருவாக்கியவராகக் கருதப்படும் ஜியாகொமோ தா லெந்தினி அந்த அரசவையில் நொத்தாரிசாக இருந்தவர். அங்கே காதலன் ஓர் ஊழியன், காதலி அவனுடைய எஜமானி.

பொலோஞ்ஞா நகரத்துக் குயிதோ குயினிசெல்லி இதை மாற்றினார். உயர்வு பரம்பரையால் வருவதில்லை, நல்ல உள்ளத்தால் வருவது, அந்த உள்ளமே காதலின் இருப்பிடம் என்றார். காதலி வானவரைப் போன்றவள் ஆனாள். ஆனால் அவருக்கே ஓர் அச்சம் இருந்தது. எனக்குரிய புகழை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாயே என்று இறைவன் தன்னைக் கேட்பான் எனத் தன் கவிதையிலேயே எழுதி வைத்தார்.

இவரைத் தன் கவித்தந்தை என்று போற்றியவர்தான் தாந்தே (1265–1321). பியாட்ரிஸை அவர் முதலில் கண்டது ஒன்பது வயதில். ஒன்பது வருடம் கழித்து ஒரு தெருவில் அவள் அவருக்கு முகமன் கூறினாள். இத்தாலிய மொழியில் முகமனைக் குறிக்கும் சொல்லும் ஈடேற்றத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஸலாம் என்ற சொல்லுக்குள் சாந்தியும் பாதுகாப்பும் இருப்பதை அறிந்த நமக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. அந்த ஒரு முகமனில்தான் தாந்தே தன் ஈடேற்றத்தையே கண்டார். பின்னர் அவரைப் பற்றி ஊரில் கதை பரவியபோது, அவள் முகமன் கூறாமலே கடந்து போனாள்.

அவள் 1290இல் இறந்தாள். அதன் பிறகு அவளைப் பற்றித் 'புதிய வாழ்வு' என்ற நூலை எழுதினார். 1302இல் நாடு கடத்தப்பட்டபின் எழுதிய 'தெய்வீக இன்பியல்' காவியத்தில் அவளே சுவர்க்கத்துக்கு வழிகாட்டுகிறாள். அங்கே அவள் ஊமைப் பதுமை அல்ல. வந்த உடனேயே பெயர் சொல்லி அழைத்து, நான் இறந்தபின் ஏன் வழிதவறினாய் என்று கண்டிக்கிறாள். அவர் அழுகிறார். பிறகு வானியலும் இறையியலும் கற்பிக்கிறாள். ஆயினும் அத்தனையும் தாந்தே அவளுடைய வாயில் வைத்த வார்த்தைகள்.

சரி, நிஜமான பெண் எங்கே? பொக்காச்சியோ சொல்வதன்படி அவள் புளோரன்ஸ் வங்கியாளர் போல்கோ போர்த்தினாரியின் மகள். போல்கோவின் மரண சாசனம் இன்றும் நமக்குத் தெரியும். அதில் சிமோனே தே பார்டியின் மனைவியான தன் மகள் பீச்சேக்கு 50 லீரா எழுதி வைத்திருக்கிறார். பீச்சே என்பது பியாட்ரிஸின் சுருக்கம். ஒரு தகப்பன், ஒரு கணவன், ஒரு தொகை. ஆவணத்தில் அவள் இருப்பது அவ்வளவுதான். அவள் தன் கையால் எழுதிய ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். தாந்தேயின் மனைவி கெம்மா டொனாட்டி. 1277இல், தாந்தேக்கு ஏறத்தாழ 12 வயதில், குடும்பங்கள் பேசி முடித்த சம்பந்தம். அவருடைய பிள்ளைகளைப் பெற்றவள் அவள். ஆனால் தாந்தேயின் நூல் எதிலும் அவள் பெயர் இல்லை.

மூன்றாவது, அவருடைய மகள். ரவென்னாவில் கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்தாள். 1350இல் புளோரன்ஸிலிருந்து அவளுக்கு 10 பொற்காசு கொடுத்தனுப்பினார்கள், கொண்டுபோகும் பொறுப்பு பொக்காச்சியோவிடம் இருந்தது. அந்தப் பதிவில் இருக்கும் அவளுடைய பெயர் சகோதரி பியாட்ரிஸ். தன் தாயல்லாத, தகப்பன் பாடிய பெண்ணின் பெயர்.

இதை எழுதுவது தாந்தேயைக் குறை சொல்ல அல்ல. அந்தக் காவியம் மனிதகுலத்தின் சொத்து. மனித அன்பைப் படிக்கட்டாக்கி இறைவனை நோக்கி ஏறலாம் என்று அவர் காட்டியது சின்ன விஷயமில்லை. ஆனால் ஒரு பெண்ணை எவ்வளவு உயரத்தில் வைத்தாலும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காவிட்டால் நமக்குத் தெரியவருவது வைத்தவரைப் பற்றித்தான்.

நாளை வகுப்புக்குப் போய் அந்தப் பிள்ளையிடம் சொல்லப் போகிறேன்: "மகள், அவளிடம் யாரும் கேட்கல்ல. 700 வருடம் கழிச்சி நீங்க கேட்டிருக்கீங்க."

இனி இந்தப் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன்.